உயிர்வேதியியல் படிக்கக் கடன்: முதல் சம்பளத்திலிருந்து போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்த ஒரு வாரத்துக்குள் வங்கியின் கல்விக் கடன் மேசைக்கு எதிரே உள்ள நாற்காலிகள் நிரம்பிவிடும். அப்பாவோ அம்மாவோ, பக்கத்தில் மகனோ மகளோ, கையில் கல்லூரி கொடுத்த கட்டணத் தாள். முதலில் வருகிற கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "இந்தப் படிப்புக்கு எவ்வளவு லோன் கிடைக்கும் சார்?" எவ்வளவு கட்ட முடியும் என்ற கேள்வி நான்கு ஆண்டு கழித்து, முதல் தவணைக் கடிதம் வீட்டு வாசலுக்கு வரும்போதுதான் எழுகிறது. கல்விக் கடன் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த இரண்டாவது கேள்வியைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டுவிட்ட குடும்பங்கள் பின்னால் கலங்கியது குறைவு.

எல்லாப் படிப்புக்கும் ஒரே விடை கிடையாது. இங்கே பி.எஸ்சி. உயிர்வேதியியலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பயோகெமிஸ்ட்ரி என்று பிள்ளைகள் சொல்லும் இந்தப் பாடம், உயிரணுவுக்குள் நடக்கும் வேதிவினைகளைப் படிப்பது. நொதிகள் (உடலின் வினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள்), ஹார்மோன்கள், வளர்சிதைமாற்றம் (உண்ட உணவு ஆற்றலாகவும் உடற்பொருளாகவும் மாறும் செயல்) எல்லாம் இதில் அடங்கும். நீட் தேர்வில் மருத்துவ இடம் கிடைக்காத, ஆனாலும் மருத்துவத்துக்குப் பக்கத்திலேயே இருக்க விரும்பும் பிள்ளைகள் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல படிப்பு; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதற்கான கடனை அளவிடும்போது குடும்பங்கள் ஒரே இடத்தில் தவறுகின்றன.

சம்பளம் தாமதமாக வளரும், தவணை காத்திருக்காது

நர்சிங் படித்தவர் பட்டம் வாங்கியதும் பதிவு பெற்றுப் பணிக்குச் செல்லலாம். பி.ஃபார்ம். படித்தவருக்கும் அப்படியே. உயிர்வேதியியல் பட்டத்துக்குப் பின்னால் அப்படி ஓர் உரிமம் இல்லை. அது அடித்தளப் படிப்பு. அதன் மேல் இன்னொன்றைக் கட்டினால்தான் சம்பளம் உயரும்: ஒரு முதுகலை, ஒரு தகுதித் தேர்வு, அல்லது ஆய்வகத்தில் இரண்டு மூன்று ஆண்டு கைப்பழக்கம்.

பி.எஸ்சி. முடித்த கையோடு வேலை தேடும் பிள்ளை போகிற இடமெல்லாம் ஏற்கெனவே ஒருவர் வரிசையில் நிற்பார். மருத்துவமனை ஆய்வகத்தில் டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) அல்லது பி.எஸ்சி. எம்.எல்.டி. படித்தவரைக் கேட்கிறார்கள். துணைமருத்துவத் தொழில்களுக்குப் பதிவு முறையைக் கொண்டுவரும் மத்தியச் சட்டமும் 2021இல் வந்துவிட்டதால், அந்தக் கதவு இனி இன்னும் இறுகும் என்று எடுத்துக்கொள்வதே விவேகம். மருந்து ஆலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் (உற்பத்தியான மருந்தின் தூய்மையையும் அளவையும் சோதிக்கும் இடம்) பி.ஃபார்ம். படித்தவரும் வேதியியல் பட்டதாரியும் போட்டி. உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பி.டெக். படித்தவர் முன்னால் நிற்பார். சென்னையில் நிறைய உயிரியல் பட்டதாரிகளை எடுக்கும் வேலை மெடிக்கல் கோடிங் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பைக் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றுவது). அது நாணயமான வேலை; சி.பி.சி. (கோடிங் தொழில்முறைத் தகுதி) சான்றிதழ் வாங்கி முன்னேறியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார விலங்கியல் பட்டமும் போதும், நுண்ணுயிரியல் பட்டமும் போதும். அதற்காக மூன்று லட்சம் கடன் வாங்கி உயிர்வேதியியல்தான் படிக்க வேண்டும் என்பதில்லை.

இந்தப் படிப்பின் நல்ல வருமானம் ஐந்தாம், ஆறாம் ஆண்டுக்குப் பிறகு வருகிறது. கடன் தவணையோ நான்காம் ஆண்டு முடிந்த மாதமே தொடங்கிவிடுகிறது. இந்த இடைவெளிதான் சிக்கலுக்கெல்லாம் காரணம். படிப்பு மோசம் என்றோ பிள்ளைக்குத் திறமை இல்லை என்றோ நினைத்து வீட்டில் சண்டை நடப்பதைக் கேட்டிருக்கிறேன். பல வீடுகளில் கோளாறு காலக்கணக்கில் மட்டுமே இருந்தது.

சம்பளத் தாளில் பார்க்க வேண்டிய வரி

கல்லூரி விளம்பரத்தில் "ஆண்டுக்கு 2.4 லட்சம்" என்று போடுவார்கள். பன்னிரண்டால் வகுத்து, மாதம் இருபதாயிரம் என்று பெற்றோர் மனத்தில் எழுதிக்கொள்கிறார்கள். அது சி.டி.சி. (உங்கள் பிள்ளைக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு). அதற்குள் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்புநிதிப் பங்கும், ஈ.எஸ்.ஐ. (ஊழியர் அரசுக் காப்பீடு) பங்கும், பணிக்கொடைக்கான ஒதுக்கீடும் சேர்ந்தே இருக்கும். அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொண்டால், வைப்புநிதிக்கு நிறுவனத்தின் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், முதலில் கழிகிறது. பிள்ளையின் பங்காக இன்னொரு 1,440 கழிகிறது. ஈ.எஸ்.ஐ.யில் நிறுவனம் 3.25 சதவீதம், ஊழியர் 0.75 சதவீதம். பணிக்கொடை ஒதுக்கீட்டையும் தள்ளினால் கைக்கு வருவது ஏறத்தாழ 15,800. வைப்புநிதி பிள்ளையின் பணம்தான், வீணாகவில்லை. ஆனால் அதை எடுத்துத் தவணை கட்ட முடியாது.

அந்த 15,800ஐக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். சொந்த ஊரில் வேலை கிடைத்தால் நிலைமை வேறு. சென்னையிலோ ஓசூரிலோ பகிர்ந்து தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் 8,000 போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து, கைப்பேசி, மருந்து மாத்திரை எல்லாம் சேர்த்து 2,500. வீட்டுக்கு 2,000 அனுப்பினால் மிச்சம் 3,300. ஒரு மாதம் காய்ச்சல் வந்து விடுப்பு எடுத்தால் அதுவும் இல்லை.

ஆகவே நான் சொல்லும் அளவுகோல் இது: முதல் ஆண்டு கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது. பதினைந்தாயிரம் என்று கொண்டால் மாதம் 3,000. கூடுதலாகக் கிடைத்தால் மகிழ்ச்சி. திட்டம் போடும்போது இந்தத் தொகையைத் தாண்ட வேண்டாம்.

வட்டி படிக்கும்போதும் ஓடும்

"படிக்கிற காலத்துல வட்டி கிடையாதுன்னாங்களே சார்" என்று கேட்காத குடும்பம் குறைவு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி மாரட்டோரியம் (தவணை தொடங்காத காலம்) என்பது படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓர் ஆண்டும். அந்தக் காலத்தில் தவணை இல்லை, வட்டி உண்டு. தனி வட்டியாக ஒவ்வொரு நாளும் அது சேர்ந்துகொண்டே இருக்கும். தவணை தொடங்கும் நாளில் அதை அசலோடு சேர்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வட்டிக்கும் வட்டி.

சுயநிதிக் கல்லூரி ஒன்றில் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று வைப்போம். வட்டி 10 சதவீதம் (வங்கிக்கு வங்கி வேறுபடும், ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி விகிதம் மாறினால் இதுவும் மாறும்). முதல் லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 40,000. இரண்டாவதற்கு 30,000. மூன்றாவதற்கு 20,000. வாங்கியது 3 லட்சம். கட்டத் தொடங்கும் நாளில் கணக்கில் நிற்பது 3,90,000. ஏழு ஆண்டில் முடிப்பதானால் மாதத் தவணை சுமார் 6,470. பத்து ஆண்டு என்றால் 5,150. பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் 4,190; ஆனால் மொத்தமாகக் கட்டியிருப்பது 7.5 லட்சத்தைத் தாண்டும். பதினைந்து ஆண்டுக்கு நீட்டியும் நம் 3,000 அளவுகோலுக்குள் இது வரவில்லை.

பின்னோக்கிப் போட்டால் விடை கிடைக்கிறது. கட்டத் தொடங்கும் நாளில் கணக்கில் நிற்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும், பத்து சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக்கு, மாதம் 1,660 ரூபாய் தவணை. இந்த ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3,000 கட்ட முடியும் என்றால் அன்று நிற்க வேண்டிய தொகை 1.8 லட்சம். படிப்புக் கால வட்டியைக் கழித்தால், மூன்று ஆண்டுக்கும் சேர்த்து வாங்கக்கூடிய கடன் 1.4 லட்சம். பி.எஸ்சி. உயிர்வேதியியலுக்கு நான் சம்மதிக்கும் வரம்பு அதுதான். வங்கி அதற்கு மேல் தரும். 4 லட்சம் வரை சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ இல்லாமலே தரும். வங்கி தர முன்வருவதை, உங்களால் தாங்க முடியும் என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடுவது இந்தக் கடனில் மிகப் பெரிய நிம்மதி. 1.4 லட்சக் கடனுக்கு முதல் ஆண்டு வட்டி மாதம் 400 ரூபாய்கூட வராது. மூன்றாம் ஆண்டிலும் 1,170ஐத் தாண்டாது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. மூன்று ஆண்டில் 36,000. படிப்புக் காலம் முழுவதற்குமான வட்டி 28,000தான். அந்த ஆயிரத்தைத் தொடாமல் கடன் கணக்குக்கே போட்டுவந்தால், நான்காம் ஆண்டு வட்டியில் பாதிக்கு மேலும் அதிலேயே அடங்கிவிடும். மிச்சத்தையும் கட்டிவிட்டால் தவணை 3,020இலிருந்து 2,320 ஆகக் குறையும். படிப்புக் காலத்தில் வட்டி கட்டிவருகிறவர்களுக்கு ஒரு சதவீதம் வட்டி குறைக்கும் வழக்கமும் பல வங்கிகளில் உண்டு. மாணவிகளுக்கு அரை சதவீதம் குறைக்கும் பொதுத்துறை வங்கிகளும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள், அதனால் கேளுங்கள்.

வட்டி மானியம் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு மாரட்டோரியம் முழுவதும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம், தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. சாதாரண பி.எஸ்சி. அதில் வராது. 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் வேறு. தேசியத் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் இருக்கும் நிறுவனங்கள் போன்றவற்றில் சேருவோருக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு மாரட்டோரியக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை. கல்லூரிகளுக்கான அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகள் நிறையவே இருக்கின்றன. உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் சலுகை பெறுவோர் எண்ணிக்கைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று நாடு முழுவதற்குமான வரம்பு இருப்பதால், கிடைத்துவிட்டதாக நினைத்துக் கடனைக் கூட்ட வேண்டாம்.

கல்லூரி வாசலில் கவனிக்க வேண்டியவை

கட்டணத் தாளில் டியூஷன் ஃபீஸ் என்ற ஒரு வரியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆய்வகக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பேருந்து, சீருடை, "ஸ்பெஷல் ஃபீஸ்" என்று வருவதையெல்லாம் மூன்று ஆண்டுக்கும் கூட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். ரசீது தராத தொகை எதுவானாலும் வங்கி அதற்குக் கடன் தராது; அது உங்கள் கையிலிருந்துதான் போகும். ஒரே கல்லூரியில் உதவிபெறும் பிரிவு ஒன்றும் சுயநிதிப் பிரிவு ஒன்றும் இருக்கும். இரண்டின் கட்டணமும் பல மடங்கு வேறுபடும். உயிர்வேதியியல் பல கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கிறது.

அடுத்து ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். நிறமாலைமானி (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி), எலிசா ரீடர் (மாதிரியில் உள்ள புரதம் போன்றவற்றை நிறமாற்றத்தின் மூலம் அளக்கும் கருவி), எச்.பி.எல்.சி. (கலவையிலிருந்து பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) இருக்கின்றனவா என்பது பாதிக் கேள்வி. மாணவர்கள் அவற்றைத் தொடுகிறார்களா என்பது மறுபாதி. கண்ணாடிப் பெட்டிக்குள் துணி போர்த்திய கருவி யாருக்கும் வேலை வாங்கித் தந்ததில்லை. துறைத் தலைவரை விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் "நீ இதைத் தனியாக ஓட்டியிருக்கிறாயாப்பா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் விளங்கிவிடும். "நூறு சதவீத பிளேஸ்மென்ட்" என்று சொன்னால், சென்ற இரண்டு மூன்று ஆண்டுகளில் உயிர்வேதியியல் துறையிலிருந்து மட்டும் எத்தனை பேர், எங்கே, என்ன சம்பளத்துக்கு என்று பிரித்துக் கேளுங்கள். கல்லூரி மொத்தத்துக்குமான எண்ணிக்கை உங்களுக்குப் பயன்படாது.

பிள்ளைக்குத் தன் ஊரிலிருந்து போய்வரும் தொலைவில் ஒரு அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கிடைக்கிறது, வெளியூர் சுயநிதிக் கல்லூரியில் உயிர்வேதியியல் கிடைக்கிறது என்றால், தயங்காமல் முதலாவதைப் பரிந்துரைப்பேன். அரசுக் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான், கடனே தேவைப்படாது. எம்.எஸ்சி. உயிர்வேதியியலுக்கு வேதியியல் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு. மருந்து ஆலைகள் வேதியியலை விரும்பிக் கேட்கின்றன. ஆசிரியர் வேலைக்கும் அது அகலமான வாசல். உயிர்வேதியியலைப் பாடமாக வைத்திருக்கும் மேல்நிலைப் பள்ளிகள் சில மட்டுமே. வேதியியல் இல்லாத அறிவியல் பிரிவு கிடையாது. உயிர்வேதியியல் படித்துவிட்டு பி.எட். சேர நினைப்பவர்கள், எந்தப் பணியிடத்துக்கு எந்தப் பட்டம் சமமாக ஏற்கப்படுகிறது என்ற அரசாணையைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பலர் படித்து முடித்த பின் அலைகிறார்கள்.

உயிர்வேதியியலுக்கே உரிய அரசு வாய்ப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளில் உயிர்வேதியியல் இளங்கலைப் பட்டம் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. உணவுப் பகுப்பாய்வாளர் ஆவதற்கான தகுதித் தேர்வுக்கு உயிர்வேதியியல் முதுகலையும் ஏற்கப்படுகிறது. பணியிடங்கள் குறைவு, அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. ஆனால் அறிவிப்பு வந்தால் விடவும் கூடாது.

கடனைச் சேமித்து வைக்க வேண்டிய இடம்

இளங்கலையில் கடனைக் குறைக்கச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் உண்மையில் சம்பளத்தை உயர்த்துவது அடுத்த படி. கடன் வாங்கும் வலிமையை அங்கே செலவிட வேண்டும்.

இளங்கலைக்கு 3 லட்சம், அதற்கு மேல் எம்.எஸ்சி.க்கு ஆண்டுக்கு ஒரு லட்சமாக 2 லட்சம் என்று வாங்கினால், ஐந்து ஆண்டுப் படிப்பும் ஓர் ஆண்டுக் காத்திருப்பும் முடிந்து நிற்பது 7 லட்சம். பத்து ஆண்டுத் தவணை மாதம் 9,250. எம்.எஸ்சி. முடித்த புதியவரின் சம்பளத்திலும் அது பெரும் பகுதியை விழுங்கும். அதுவே இளங்கலையைக் கடனின்றி முடித்தவர் முதுகலைக்கு மட்டும் 2 லட்சம் வாங்கினால், அதே மாரட்டோரியக் கணக்கில் நிற்பது இரண்டரை லட்சம். ஏழு ஆண்டுத் தவணை 4,150. இரவில் தூக்கம் வருகிற தொகை அது.

முதுகலையையும் கடனில்லாமல் படிக்க வழிகள் உண்டு. இளங்கலை மூன்றாம் ஆண்டிலேயே எழுதக்கூடிய ஜாம் தேர்வு ஐ.ஐ.டி.க்களின் எம்.எஸ்சி. வகுப்புகளுக்கும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் வாசல். உயிர்வேதியியல் மாணவர்கள் அதில் உயிரித் தொழில்நுட்பத் தாளை எழுதலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் முதுகலைத் தேர்வு. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரிக்கும் முதுகலை வகுப்புகளுக்கு காட்-பி தேர்வு. அவற்றில் உதவித்தொகையும் உண்டு. முதுகலைக்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியல் பாடத்தில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். கேட்பதற்குப் பெரிய தொகையாக இருக்கும். எழுதுவோரில் சிறு பகுதியினருக்கே அது கிடைக்கிறது. முதல் முயற்சியில் கிடைக்காதவர்களே அதிகம். ஆனால் தவணைச் சுமை இல்லாத பிள்ளை இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதும். மாதம் ஆறாயிரம் கட்ட வேண்டிய பிள்ளை முதல் தோல்வியோடு கிடைத்த வேலையில் சேர்ந்துவிடும். கடனால் இழப்பது வட்டிப் பணத்தை மட்டும் என்று நினைக்காதீர்கள்.

வெளிநாட்டு முதுகலை பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குடியிருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைத்து இந்தப் பாடத்துக்குப் போக வேண்டாம்.

குறுக்கு வழிகள்

கடன் வேண்டாம் என்றால் கைமாற்று வாங்கலாம் என்று நான் சொன்னதாகக் கொள்ளாதீர்கள். "மூணு வட்டிதான் சார், தெரிஞ்சவர்" என்கிறார்கள். மாதம் நூற்றுக்கு மூன்று என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கி வட்டியைப் போல மூன்றரை மடங்கு. கைப்பேசிச் செயலிகளில் நிமிடத்தில் கிடைக்கும் கடன் அதைவிட மோசம். நகைக்கடன் வட்டி சில சமயம் கல்விக் கடனை ஒட்டியே இருக்கும். ஆனால் அது பொதுவாக ஓராண்டில் திருப்ப வேண்டியது. நான்கு ஆண்டு காத்திருக்கும் படிப்புக்கு ஓராண்டுக் கடன் பொருந்தாது. திருப்ப முடியாமல் ஏலத்துக்குப் போன நகைகளை நான் பார்த்திருக்கிறேன்.

"கட்டாமல் இருங்கள், தேர்தல் வந்தால் தள்ளுபடி ஆகிவிடும்" என்பது எல்லாவற்றையும்விட ஆபத்தான ஆலோசனை. தொண்ணூறு நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. பிள்ளையின் பெயர் மட்டுமின்றி, சேர்ந்து கையெழுத்திட்ட அப்பா அல்லது அம்மாவின் கடன் மதிப்பெண்ணும் விழுகிறது. தம்பிக்கோ தங்கைக்கோ கடன் கேட்கப் போகும்போது அது எதிரே வந்து நிற்கும். வங்கி தன் புத்தகத்தில் கணக்கை நீக்கிக்கொள்வது வேறு, கடனாளிக்குத் தள்ளுபடி தருவது வேறு. முதலாவது நடந்தாலும் நீங்கள் கட்ட வேண்டியது அப்படியே இருக்கும். பாதிக்குப் பேசி முடிக்கும் ஒருமுறைத் தீர்வும், கடன் வரலாற்றில் "முழுதும் கட்டப்படவில்லை" என்ற பொருளிலேயே பதிவாகும்.

வருமான வரிச் சலுகையைக் காட்டிப் பெரிய கடன் எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. 80இ பிரிவில் கல்விக் கடன் வட்டியை எட்டு ஆண்டு வரை கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. அது பழைய வரி முறையில் மட்டும். மாதம் பதினாறாயிரம் வாங்குபவருக்கு எந்த முறையிலும் வரியே வராது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு

மூன்று லட்சம் வாங்கியாகிவிட்டது, பிள்ளை பதினைந்தாயிரத்தில் நிற்கிறது என்று இதைப் படிப்பவர்கள் பதற வேண்டாம். உங்கள் கணக்கு கெட்டுவிடவில்லை. கெடும் வாய்ப்பு, வங்கிக்குப் போகாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

மாரட்டோரியம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே கிளை மேலாளரைப் பாருங்கள். சம்பளச் சீட்டோ, வேலை தேடிக்கொண்டிருப்பதற்கான ஆதாரமோ கையில் இருக்கட்டும். எழுத்தில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். தவணைக் காலத்தைப் பத்து அல்லது பதினைந்து ஆண்டாக நீட்ட முடியுமா. தொடக்கத்தில் குறைவாகவும் சம்பளம் உயரும்போது கூடுதலாகவும் கட்டும் ஏறுமுகத் தவணை தருவார்களா. வேலையில்லாத அல்லது குறைந்த சம்பளக் காலத்துக்குச் சில மாதம் தவணையை ஒத்திவைப்பார்களா. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே இவற்றுக்கு இடம் உண்டு. உயிர்வேதியியல் போலத் தாமதமாக வளரும் சம்பளத்துக்கு ஏறுமுகத் தவணை மிகப் பொருத்தம். காலத்தை நீட்டினாலும், பின்னால் கையில் பணம் சேரும்போது முன்கூட்டியே கட்டி முடிக்கலாம். கட்டணம் ஏதும் இல்லை என்பதை மட்டும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரு மாதம் முழுத் தவணை கட்ட முடியாவிட்டால் இருப்பதைக் கட்டுங்கள். ஆயிரம் ரூபாய் போட்டவரையும் ஒன்றும் போடாமல் தொலைபேசியை எடுக்காதவரையும் மேலாளர் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. வசூல் முகவர்கள் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு உத்தரவு. மிரட்டினாலோ அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்தினாலோ வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கடன் வாங்கியது குற்றமில்லை. பிள்ளையிடமும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இருபத்திரண்டு வயதில் அந்தச் சுமையைத் தனியாகச் சுமக்க விட வேண்டாம்.

இனிமேல்தான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், முன்பணம் கட்டும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். கல்லூரியிடம் மூன்று ஆண்டுச் செலவையும், வங்கியிடம் தவணை தொடங்கும் நாளில் நிற்கப் போகும் தொகையையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகை 1.8 லட்சத்துக்குள் இருந்தால் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். மூன்றைத் தாண்டினால், அந்த இடத்தை விட்டுவிட்டு அரசுக் கல்லூரிக் கலந்தாய்வின் அடுத்த சுற்றுக்குக் காத்திருங்கள்.